எங்கேயிருந்து பார்த்தீங்க, சார்?

மலர்க் குழுவினர் போன் செய்து, "உங்க தொழிலைப் பத்தியே ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். என் தொழில் என்னவென்று என் வீட்டிலேயே இன்னும் சரியாகப் புரிந்தபாடில்லை. "ரூமைச் சுத்திக் கேமராவை வெப்பாரு, வர்றவங்களை நடக்கச் சொல்வாரு" என்று என் மாமியார் கடைசிவரை அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஓய்வு பெறும் வரை நான் செய்தது அதுதான்.

ஆனால் அந்த வேலைக்கு நான் போய்ச் சேர்ந்ததன் காரணம் நம் கல்லூரி மைதானத்தில் இருக்கிறது. 1981-84 நண்பர்களுக்கு என் பெயர் மறந்திருந்தாலும் 'மாங்கா' என்றால் ஞாபகம் வந்துவிடும். வெளியூர் மருமகள்களுக்காக ஒரு விளக்கம்: மாங்காய் அடிப்பதுபோல் முழங்கையை மடக்கி எறிகிறவனுக்குத் தெரு கிரிக்கெட்டில் வைக்கும் பட்டப்பெயர் அது.

1983-ஆம் வருடம், கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டம். நான் ஆஃப் ஸ்பின் போடுகிறவன். இரண்டாவது ஓவரில் ஸ்கொயர் லெக் அம்பயர் கையை நீட்டி, "நோ-பால்" என்றார். எறிகிறேனாம். அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. கேப்டன் பந்தை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு கல்லூரிக்காக நான் பந்து போடவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அந்த அம்பயரிடம் போய், "எங்கேயிருந்து பார்த்தீங்க, சார்?" என்று கேட்டேன். "நின்ன எடத்துலேர்ந்துதான் தம்பி" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகத்தான் சொன்னார். என் முதுகுப் பக்கம் நின்ற இன்னொரு அம்பயருக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. எதிரே ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நம் விக்கெட் கீப்பர், "கை கடைசிவரைக்கும் ஒரே மாதிரிதான் இருந்திச்சு" என்று மெஸ்ஸில் சாம்பார் வாளியின் மேல் சத்தியம் செய்தான். மூன்று பேர், ஒரே கை, மூன்று சாட்சியம்.

திங்கட்கிழமை லேபுக்குப் போனால், செய்தி எனக்கு முன்னால் அங்கே போயிருந்தது. நம் புரொபசர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியை எடுத்து, முழங்கைபோலக் கொஞ்சம் வளைத்து, விளக்குக்கும் வெள்ளைத் திரைக்கும் நடுவில் பிடித்து மெதுவாகத் திருப்பினார். திரையில் நிழல் வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது.

"கம்பி நிமிர்ந்துதா?"

"இல்லே சார், நிழல்தான்."

"அம்பயர் பார்த்தது எதை?"

எனக்குப் பேச்சு வரவில்லை. உடனே அவரே, "இதனால நீ எறியலேன்னு ஆயிடாது, தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கம்பியை என் கையில் கொடுத்தார். அவர் குணம் உங்களுக்குத் தெரியும்.

ஒரு கண்ணுக்குத் தெரிவது நிழல்தான். ஆளின் அசைவு வேண்டுமானால் ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து பார்க்கவேண்டும். இதை மனிதன் எப்படிக் கண்டுகொண்டான் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குதிரையிலிருந்து தொடங்கவேண்டும். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா, இல்லையா? நூற்றாண்டுகளாக ஓவியர்கள் முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டிப் பறக்கிற மாதிரி வரைந்துகொண்டிருந்தார்கள். கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னரும் ரயில்வே முதலாளியுமான லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு இந்தக் கேள்விக்குப் பதில் தேடி 1872-இல் எட்வர்டு மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரரைப் பிடித்தார். இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரைக் கிங்ஸ்டனில் 1830-இல் பிறந்தவர் மைபிரிட்ஜ். ஸ்டான்ஃபோர்டு பெரிய தொகைக்குப் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. கதை நன்றாக இருப்பதால் விட மனசில்லாமல் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நடுவில் வேலை நின்றுபோனது. 1874-இல் மைபிரிட்ஜ் தன் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றுவிட்டார். அடுத்த ஆண்டு ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். இதையெல்லாம் எழுத இந்த மலரில் இடமில்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

1878 ஜூன் மாதம், பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணை. (அதே நிலத்தில்தான் பிற்பாடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எழுந்தது.) ஓடுபாதையின் ஒரு பக்கம் நீண்ட கொட்டகை, அதில் வரிசையாக 12 கேமராக்கள். எதிர்ப்பக்கம் வெள்ளைச் சுவர், அதில் 27 அங்குலத்துக்கு ஒரு கோடும் எண்ணும். பாதையின் குறுக்கே நூல்கள் கட்டியிருந்தன. குதிரையின் கால் நூலை இழுத்ததும் மின்சாரம் பாய்ந்து அந்தந்தக் கேமராவின் ஷட்டர் விழும். இந்த மின் ஏற்பாட்டில் உதவியவர் ஜான் ஐசக்ஸ் என்ற ரயில்வே பொறியாளர். சாலி கார்டனர் என்ற பெண்குதிரை ஓடியது. படத்துக்குப் படம் 27 அங்குலம், ஏறக்குறைய 1/25 வினாடி. ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் பட்ட நேரம் 1/2000 வினாடிக்கும் குறைவு என்று அவர் வெளியிட்ட அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார். ஈரக் கண்ணாடித் தட்டில் படம் பிடித்த காலம் அது என்பதை நினைவில் கொள்ளவும்.

பத்திரிகைக்காரர்களை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டே படம் பிடித்தார். ஓட்டத்தில் குதிரையின் சேண வார் அறுந்துபோனது. தட்டுகளைக் கழுவிப் பார்த்தால் அறுந்த வார் படத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு 'ஜோடனை' என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பத்தான் செய்கின்றன. ஆனால் ஓவியர்கள் வரைந்த மாதிரி கால்களை நீட்டியிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கடியில் எல்லாம் சேர்ந்து மடங்கியிருக்கும்போது.

இதில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். 12 கேமராக்கள் இருந்தும் அவை ஒரே பக்கத்திலிருந்து பார்த்தன. அதாவது 12 கண் இல்லை, ஒரே கண் 12 முறை இமைத்த கதை. மைபிரிட்ஜுக்கும் அது உறுத்தியிருக்கவேண்டும். 1879-இல் கேமராக்களை 24 ஆக்கினார். அதோடு ஒரு விளையாட்டு வீரரை நடுவில் நிறுத்தி, ஐந்து கேமராக்களை அரைவட்டமாக வைத்து, ஐந்தையும் ஒரே கணத்தில் இயக்கினார். என்னைக் கேட்டால் குதிரையை விட இதுதான் பெரிய காரியம். 1999-இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் ஆள் அந்தரத்தில் நிற்க நாம் அவரைச் சுற்றி வருகிறோமே, அது 120 ஸ்டில் கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்தது. அதன் பாட்டன் இந்த அரைவட்டம்.

மைபிரிட்ஜுக்குக் கிடைத்த பலன்? 1882-இல் ஸ்டான்ஃபோர்டு வெளியிடச் செய்த குதிரைப் புத்தகத்தில் அவருடைய பெயர் முகப்பில் இல்லை. வழக்குப் போட்டுத் தோற்றார். ஆனாலும் மனிதர் சோரவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மறுபடி ஆரம்பித்தார். பக்கவாட்டில் 24 லென்ஸ்கள், முன்னேயும் பின்னேயும் சாய்வாகப் பன்னிரண்டு பன்னிரண்டு லென்ஸ்கள், எல்லாம் ஒரே மின்சுற்றில். 1887-இல் 781 தட்டுகளாக அது வெளிவந்தது. ஒரே காலடியை மூன்று பக்கத்திலிருந்து பார்க்கும் வசதி அப்போதுதான் வந்தது. ஆனால் பார்க்க முடிந்ததே தவிர, அளக்க முடியவில்லை.

பிரான்ஸில் எத்தியன்-ழூல் மரே வேறு வழியில் போனார். ஆளுக்குக் கறுப்பு உடை மாட்டி, கை கால் நெடுக வெள்ளைப் பட்டி ஒட்டி, ஒரே தட்டில் அடுத்தடுத்துப் பதித்தார். உடம்பு மறைந்து கோடுகள் மட்டும் நடந்தன. அழகான யோசனைதான். ஆனால் அதுவும் ஒரு கண்.

அளந்தவர்கள் ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து இருவர்: உடற்கூறு அறிஞர் வில்ஹெல்ம் பிரவுன், கணிதம் தெரிந்த ஓட்டோ ஃபிஷர். 1891-இல் ஒரு படைவீரரின் கை கால்களில் மெல்லிய மின்விளக்குக் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டு, நான்கு கேமராக்களால் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு மூட்டும் வெளியில் எங்கே இருந்தது என்று நீள, அகல, உயரமாகக் கணக்குப் போட்டார்கள். அவ்வளவும் கைக்கணக்கு. பிரவுன் 1892-இல் இறந்துபோக, ஃபிஷர் தனியாக உட்கார்ந்து போட்டார். மனிதனின் நடையைப் பற்றிய அந்த நூல் 1895-இல் தொடங்கி 1904 வரை பாகம் பாகமாக வந்தது. ஒரு ஆள் நடந்த சில காலடிகளுக்கு அத்தனை வருஷம்! லாக் டேபிளோடு மல்லுக்கட்டிய நம் தலைமுறைக்குத்தான் அந்த மனிதரின் அருமை புரியும்.

அதனாலேயே இந்த வித்தை நெடுநாள் பெட்டிக்குள் கிடந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு, 1971-இல் இல்லினாய்ஸில் அப்தெல்-அஜீஸ், கராரா என்ற இருவர் ஒரு சுலபமான வழியைச் சொன்னார்கள். கேமராவை எங்கே வைத்தாய், எந்தக் கோணத்தில் சாய்த்தாய் என்றெல்லாம் அளந்துகொண்டிருக்காதே. இடம் தெரிந்த சில புள்ளிகளைக் கேமராவுக்குக் காட்டு, அது எங்கே நிற்கிறது என்பதைக் கணக்கே சொல்லும். ஒரு கேமராவுக்குத் தெரியாத எண்கள் 11. ஒரு புள்ளி இரண்டு சமன்பாடு தரும். ஆகவே, ஒரே தளத்தில் இல்லாத ஆறு புள்ளிகளாவது வேண்டும். அவ்வளவுதான். இரண்டு கேமராக்கள் இப்படித் தங்கள் இடத்தைச் சொல்லிவிட்டால், பிறகு அவை இரண்டும் பார்க்கும் எதையும் வெளியில் குறித்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். 1990-களின் தொடக்கத்தில், ஒரு மருத்துவமனையின் நடைப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். மூளை முடக்குவாதத்தால் கால் இழுத்து நடக்கும் குழந்தைகள் அங்கே வருவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு முட்டியும் உள்பக்கம் இடிக்கிற மாதிரி தெரியும். முட்டி கோணலா, அல்லது முட்டி மடங்கியிருக்க, தொடை முழுவதும் உள்ளே திரும்பியிருக்கிறதா? இரண்டும் ஒரு கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். போக்ஸ் கம்பியின் நிழலேதான்! ஆனால் சர்ஜன் கத்தி வைக்கவேண்டிய இடம் வேறு வேறு.

எங்களிடம் முதலில் இருந்தவை இரண்டே வீடியோ கேமராக்கள். அவற்றின் பார்வைக் கோடுகள் ஏறக்குறைய செங்கோணத்தில் வெட்டும்படி வைக்கவேண்டும். ரொம்ப நெருங்கி வைத்தால் இரண்டும் ஒன்றையே பார்க்கும், தூரக் கணக்கு தப்பும். எதிரெதிரே வைத்தால் ஒன்றுக்குத் தெரிவது மற்றதற்குத் தெரியாது. பிறகு அலுமினியக் குழாயில் ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு, அதில் 24 உருண்டைகள். ஒவ்வொன்றின் இடத்தையும் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டு மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தோம். கூண்டைப் படம் பிடித்து, கூண்டை அகற்றி, அதே இடத்தில் குழந்தையை நடக்கவிடவேண்டும். அதற்கப்புறம் கேமராவில் யாரும் கை வைக்கக்கூடாது. ஆட்டோ ஃபோகஸ் அணைத்திருக்கவேண்டும், ஜூமைத் தொடக்கூடாது. ஒருநாள் தரை துடைக்க வந்த அம்மாள் பாவம் மிகுந்த அக்கறையோடு ஸ்டாண்டைத் தூக்கி, துடைத்து, 'அதே இடத்தில்' வைத்துவிட்டுப் போனார். காலையில் வந்த ஐந்து குழந்தைகளின் கணக்கும் போயிற்று. அன்றிலிருந்து ஸ்டாண்டின் கால்களைச் சுற்றித் தரையில் சிவப்பு டேப். நானே மாவிலை கட்டாத குறை.

அடுத்தது நேரம். நம் ஊர் வீடியோவில் வினாடிக்கு 25 படம், பிரித்தால் 50. இரண்டு கேமராவும் ஒரே கணத்தில் கண் திறக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டுக்கும் தெரிகிற இடத்தில் ஒரு சிறிய சிவப்பு விளக்கை வைத்து, நடுவில் ஒருமுறை எரியவிடுவோம். விளக்கு தெரிந்த முதல் படம் இரண்டிலும் பூஜ்யம். குழந்தை நடைக்கு அது போதும். வேகமான அசைவுக்குப் போதாது. பந்து வீசும் கை 1/100 வினாடியில் ஒரு சாண் தூரம் போய்விடும். இரண்டு கேமராவையும் ஒரே துடிப்பில் கட்டிப்போடும் ஒயர் பின்னாளில்தான் எங்களுக்குக் கிடைத்தது.

பிறகு கை ஒடியும் வேலை. ஒரு வினாடி நடைக்கு இரண்டு கேமரா, 50 படம், 12 மூட்டு, ஆக 1200 புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திரையில் தொட்டுக் காட்டவேண்டும். பிறகு அகச்சிவப்பு விளக்கோடு கூடிய கேமராக்கள் வந்து, ஒளி திருப்பும் உருண்டைகளைத் தாமே கண்டுபிடித்தன. அதிலும் ஒரு வேடிக்கை. ஒரு சிறுமிக்கு இரண்டு கணுக்கால் போதாமல் ஏழெட்டுக் கணுக்கால் இருப்பதாகக் கம்ப்யூட்டர் சாதித்தது. பார்த்தால் வெள்ளிக் கொலுசு! கழற்றச் சொன்னால் அழுதாள். கொலுசின் மேல் காலுறையை இழுத்துவிட்டோம். 2014-இல் 'கோச்சடையான்' பார்க்கப் போனபோது, ரஜினியின் அசைவைப் பிடித்த இடத்தில் யார் யார் மோதிரத்தைக் கழற்றினார்களோ என்றுதான் எனக்கு யோசனை ஓடியது.

இனி முரளிதரன். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன் எறிகிறார் என்று அம்பயர் டேரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். அதுவும் பந்துவீச்சாளர் முனையில் நின்றுகொண்டு. பத்து நாளில் பிரிஸ்பேனில் இன்னொரு அம்பயர் அதையே செய்தார். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் அந்த ஆள் தலையைக் குனிந்து நின்றதை டி.வி.யில் பார்த்தபோது, பொய் சொல்வானேன், நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

1996-இல் பெர்த்தின் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் அவர் கையைப் பல கேமராக்கள் வைத்து ஆராய்ந்தார்கள். அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுக்க நிமிராது. மடங்கிய கை தோளிலிருந்து சுழலும்போது, பார்க்கிறவர் கண்ணுக்கு நிமிர்வதுபோலத் தெரிகிறது, அது கண் மயக்கம் என்றார்கள். பேப்பரில் அதைப் படித்துவிட்டு மேஜை டிராயரிலிருந்து போக்ஸ் கம்பியை எடுத்துப் பார்த்தேன்.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முடியவில்லை. 2004-இல் அவருடைய 'தூஸ்ரா' பந்து மேல் புகார். மறுபடி பெர்த், மறுபடி கேமராக்கள். இந்த முறை கை சராசரியாக 14 டிகிரி நிமிர்ந்தது, பயிற்சிக்குப் பின் 10.2. சுழற்பந்துக்காரருக்கு அன்றைய வரம்பு 5 டிகிரி. ஆக, கேமராக்கள் அவர் பக்கமும் பேசின, எதிர்ப்பக்கமும் பேசின. ஆனால் அதே கேமராக்களை மற்றவர்கள் மேல் திருப்பியபோது, 'சுத்தமான ஆக்‌ஷன்' என்று பேரெடுத்தவர்களில் பெரும்பாலானோர் கையும் ஓரளவு நிமிர்வது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத குற்றத்தை எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள். 2005 மார்ச் 1 முதல் எல்லோருக்கும் 15 டிகிரி என்று ஐ.சி.சி. வைத்தது. முரளிக்காக வளைத்த சட்டம் என்று இன்றும் சொல்வார்கள். அளந்து பார்க்காமல் போட்ட சட்டத்தை அளந்த பிறகு திருத்தினார்கள் என்பது என் கட்சி. 2010 ஜூலையில் காலியில் 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு அவர் விடைபெற்றார். இப்படிக் கை அளக்கும் ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்ற கூடம் பின்னர் சென்னை போரூரிலும், ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் வந்தது. 2015-இல் பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் அங்கே வந்து பந்து போட்டுக் காட்டி, தடை நீங்கிப் போனார்.

இப்போது நம் மைதானத்துக்குத் திரும்புகிறேன். 1998-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நோயாளிகள் இல்லை. அப்போது எங்களிடம் நான்கு கேமராக்கள். உடன் வேலை பார்த்தவரைக் கேமராவில் உட்கார வைத்து, தோள், முழங்கை, மணிக்கட்டில் உருண்டைகளை ஒட்டிக்கொண்டு, சுவரில் சாய்த்த மெத்தையை நோக்கி நாலடி நடந்து ஆறு பந்து போட்டேன். அன்றிரவே கணக்குப் பார்த்தேன். சராசரி 11 டிகிரி நிமிர்ந்தது. எங்கள் கருவியில் இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே இருக்கும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. புரொபசர் உயிரோடிருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

ஆக, 5 டிகிரிக் கணக்கில் நான் எறிந்தவன். 2005 மார்ச் 1 முதல் எறியாதவன். ஆனால் அதுவும் 35 வயதுக் கை. 20 வயதில் அந்த மூன்று பந்துகளை என் கை எப்படிப் போட்டது என்பதை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை.

சில வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அந்த அம்பயர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். வயதாகிவிட்டது, என்னை நினைவில்லை. நான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த எடத்துல நின்னா இப்பவும் நோ-பால்னுதான் தெரியும் தம்பி" என்றார். "ஆமா சார், தெரியும்" என்றேன். பாயசத்தை என் பக்கம் தள்ளினார்.

போக்ஸ் கம்பி துருப்பிடித்திருந்தாலும் பத்திரமாக இருக்கிறது. சந்திப்பு நாளன்று எடுத்து வருகிறேன். மெஸ் ஹாலில் ஒரு பல்பும் ஒரு வெள்ளைச் சுவரும் இருந்தால் போதும். கீப்பர் கட்டாயம் வரவேண்டும். பழைய சாம்பார் வாளி கிடைத்தால் அதையும் யாராவது கொண்டுவரவும்.

— 'மாங்கா', இயற்பியல், 1981-84